கணினித் திரையில் பழைய சென்னை

நுழையும்முன்

ஒரு நகரத்தின் பழைய தோற்றத்தை ஓவியமாகத் தீட்டலாம், திரைப்படமாகவும் எடுக்கலாம். இன்று அந்நகரத்தைக் கணினியில் மீண்டும் கட்டியெழுப்பி, அதனூடே தொடர்வண்டியை ஓட்டிச் செல்லவும் முடிகிறது. அவ்வாறு கட்டுவதற்கு எவற்றையெல்லாம் அறிந்திருக்க வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பாவனை மென்பொருள்

உண்மையான தொடர்வண்டியை ஓட்டுவது போன்ற பட்டறிவைக் கணினியில் தரும் மென்பொருளைத் தொடர்வண்டிப் பாவனை மென்பொருள் என்பர். வழக்கில் இதனை ‘டிரெயின் சிமுலேட்டர்’ என்கின்றனர். 2001ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட மென்பொருள் இத்துறையில் புகழ் பெற்றது. புதிய வழித்தடங்களைப் பயனாளர்கள் தாமே உருவாக்குவதற்கான கருவிகளும் அதனுடன் வழங்கப்பட்டன. அதற்காக உருவான வழித்தடங்களை இயக்கவல்ல ‘ஓப்பன் ரெயில்ஸ்’ என்னும் மென்பொருளைப் பின்னாளில் தன்னார்வலர்கள் உருவாக்கினர். அது கட்டணமின்றிக் கிடைக்கிறது.

இத்தகைய மென்பொருளில் நிலம், இருப்புப்பாதை, கட்டடங்கள், வண்டிகள், ஒலிகள், கால அட்டவணை ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே உருவாக்க வேண்டும். இன்றுள்ள பாதையை உருவாக்குபவர் நேரில் சென்று பார்க்கலாம், ஒளிப்படம் எடுக்கலாம். மறைந்துபோன பாதைக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே அதனை மீட்டுருவாக்குபவர் வரலாற்று ஆய்வாளராகவும் இருத்தல் வேண்டும். சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை சென்ற பழைய மின்தொடர்வண்டிப் பாதையையும், நகரின் ஊடே செல்லும் பக்கிங்காம் கால்வாயையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைக் காண்போம்.

முதல் வினா: எந்த ஆண்டு?

பழைய சென்னை என்பது ஒன்றன்று. ஒவ்வோர் ஆண்டிற்கும் ஒரு சென்னை உண்டு. எனவே பணியைத் தொடங்கும் முன்பே எந்த ஆண்டைக் காட்டப்போகிறோம் என்று முடிவு செய்தல் வேண்டும்.

நாம் 1935ஆம் ஆண்டைத் தெரிவு செய்வதாகக் கொள்வோம். அப்போது கடற்கரை–தாம்பரம் பாதையில் மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பக்கிங்காம் கால்வாயில் சரக்குப் படகுகளும் சென்றுகொண்டிருந்தன. 1908இல் திறக்கப்பட்ட எழும்பூர் நிலையம் நம் திரையில் இடம்பெறலாம். ஆனால் 1959இல் திறக்கப்பட்ட அண்ணா சாலையின் எல்.ஐ.சி. கட்டடம் தொலைவில்கூடத் தென்படக் கூடாது. கால்வாயின் மேல் இன்று செல்லும் பறக்கும் தொடர்வண்டிப் பாதையும் இருத்தல் ஆகாது. அதன் முதற்பகுதி 1995இல்தான் திறக்கப்பட்டது. நகரத்தின் பெயரும் அன்று மதராஸ் என்றே நிலையப் பலகைகளில் எழுதப்பட வேண்டும்.

இருப்புப்பாதையை அமைத்தல்

கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஏறத்தாழ 29 கி.மீ. தொலைவு. 1931ஆம் ஆண்டு தென்னிந்திய இரயில்வே இப்பாதையில் மின்தொடர்வண்டியை இயக்கத் தொடங்கியது. இதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், 1925 பிப்ரவரி 3 அன்று, பம்பாயின் விக்டோரியா முனையத்திற்கும் குர்லாவிற்கும் இடையே இந்தியாவின் முதல் மின்தொடர்வண்டி ஓடியிருந்தது.

சென்னைப் பாதை மீட்டர்கேஜ் பாதை ஆகும். அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் 1000 மி.மீ. மட்டுமே. இன்று நாடெங்கும் பரவலாகக் காணப்படும் அகலப்பாதையின் அகலம் 1676 மி.மீ. ஆகும். பாவனை மென்பொருள்களில் ஆயத்தமாகக் கிடைக்கும் பாதைகள் பெரும்பாலும் அயல்நாடுகளில் வழங்கும் 1435 மி.மீ. அகலம் உடையவை. அவற்றை அப்படியே பயன்படுத்தினால் மீட்டர்கேஜ் வண்டியின் சக்கரங்கள் தண்டவாளத்திற்கு உட்புறத்தில் அந்தரத்தில் உருளும். ஆகவே பாதையையே புதிதாக வடிவமைக்க வேண்டும்.

அடுத்தது மின்சாரம். 1931இல் மேற்கம்பியில் 1500 வோல்ட் நேர்திசை மின்சாரம் பாய்ந்தது. 1960களில் அது 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரமாக மாற்றப்பட்டது. ஒரே அளவு ஆற்றலைத் தருவதற்கு 1500 வோல்ட் கம்பியில் பதினாறு மடங்கிற்கும் மேற்பட்ட மின்னோட்டம் பாய வேண்டும். அதனைத் தாங்கத் தடித்த கம்பிகள் தேவை. எனவே 1935ஆம் ஆண்டுக் காட்சியில் இன்றைய மெல்லிய கம்பிகளை வரைந்தால் அது பிழையாகும்.

வண்டியின் இயல்பையும் கணக்கிட வேண்டும். புறநகர்ப் பாதையில் நிலையங்கள் ஒன்றுக்கொன்று அருகில் அமைந்திருக்கும். வண்டி தன் உயர்ந்த வேகத்தை எட்டுவதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடும். ஆகவே அதன் உயர்ந்த வேகத்தைக் காட்டிலும், எவ்வளவு விரைவாக வேகமெடுக்கிறது, எவ்வளவு தொலைவிற்குள் நிற்கிறது என்பவையே முதன்மையானவை. பெட்டிகளின் எடை, மின்பொறியின் திறன், தடையின் வலிமை ஆகிய எண்களைச் சரியாக இட்டால்தான் கால அட்டவணைப்படி வண்டியை ஓட்ட முடியும்.

கால்வாயை வெட்டுதல்

மைக்ரோசாஃப்ட் மென்பொருளில் நிலப்பரப்பு 2048 மீட்டர் பக்க அளவுள்ள சதுரங்களாகப் பிரிக்கப்படுகிறது. கடற்கரை முதல் தாம்பரம் வரை பதினைந்துக்கும் மேற்பட்ட சதுரங்கள் தேவைப்படும். நிலத்தின் மேடுபள்ளங்களுக்கு, 2000ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் கொண்டு அளக்கப்பட்ட உயரங்கள் பயன்படுகின்றன. அவற்றில் ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஓர் அளவீடு உள்ளது. மலைப்பகுதிக்கு இது போதுமானது. சமவெளியில் அமைந்த சென்னைக்கோ போதாது. குறுகிய கால்வாய் ஒன்று அந்த அளவீடுகளுக்கு இடையே புலப்படாமலே போய்விடும். ஆகவே உருவாக்குபவர் பழைய வரைபடத்தைப் பார்த்து, சுட்டியைக் கொண்டு கால்வாயைத் தம் கையால் வெட்டுதல் வேண்டும்.

இக்கால்வாயின் வரலாறு நீண்டது. சென்னையிலிருந்து எண்ணூர் வரையிலான பகுதி 1806ஆம் ஆண்டு ‘காக்ரேன் கால்வாய்’ என்னும் பெயருடன் அமைந்தது. பின்னர் வடக்கிலும் தெற்கிலும் படிப்படியாக நீட்டப்பட்டது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சம் முதல் தமிழ்நாட்டின் மரக்காணம் வரை கடற்கரையை ஒட்டி அதன் நீளம் ஏறத்தாழ 420 கி.மீ. ஆகும். நகருக்குள் கூவம் ஆற்றையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கி.மீ. பகுதி மட்டும் நெடுங்காலம் வெட்டப்படாமல் இருந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொடிய பஞ்சம் வாட்டியது. அப்போது பஞ்ச நிவாரணப் பணியாக அப்பகுதி வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. மண்வெட்டியும் கூடையும் கொண்டு அதனை வெட்டிய பசித்த மக்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை.

திரையில் இப்பகுதியை வெட்டுவதற்குச் சில மணி நேரம் போதும். வெட்டுகின்ற ஒவ்வொருவரும் அந்த மக்களை எண்ணிப் பார்த்தல் நன்று.

கால்வாயில் தண்ணீரை நிரப்பியவுடன் பணி முடிந்துவிடுவதில்லை. தட்டையான அடிப்பகுதியுள்ள படகுகளை மனிதர்கள் கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுத்தனர். கழி ஊன்றித் தள்ளினர். காற்று வாய்த்தபோது பாய் விரித்தனர். எனவே கரையோரம் நடைபாதை வேண்டும். பாலங்களுக்கு அடியில் சரக்கேற்றிய படகு நுழையப் போதிய உயரமும் வேண்டும். கோட்டைக்கும் எழும்பூருக்கும் இடையே இருப்புப்பாதை இக்கால்வாயைக் கடந்து செல்கிறது. அவ்விடத்தில் பாலத்தின் மேலே மின்தொடர்வண்டியும் கீழே விறகுப் படகும் ஒரே நேரத்தில் செல்வதை நம் திரையில் காட்டலாம்.

இக்காட்சி அழகுக்காக மட்டும் அன்று. வடக்கே ஸ்ரீஹரிக்கோட்டைப் பகுதியிலிருந்து விறகு இக்கால்வாய் வழியே நகருக்கு வந்தது. உப்பும் நெல்லும் படகில் வந்தன. மாம்பலத்திலிருந்து மின்தொடர்வண்டியில் அலுவலகம் சென்ற எழுத்தருக்கும் வீட்டில் அடுப்பெரிய விறகு வேண்டியிருந்தது; சோற்றுக்கு உப்பு வேண்டியிருந்தது. வண்டியை மட்டும் உருவாக்கிக் கால்வாயை விட்டுவிட்டால் அந்நகரம் எவ்வாறு வாழ்ந்தது என்பதில் பாதியை மறைத்தவர் ஆவோம்.

சான்றுகளைத் தேடுதல்

பழைய வரைபடங்கள், கால அட்டவணைகள், ஒளிப்படங்கள், இரயில்வே அறிக்கைகள் ஆகியவை முதன்மைச் சான்றுகள். இவை அல்லாமல் ஊர்ப்பெயர்களும் தெருப்பெயர்களும் சான்று பகர்கின்றன. பேசின் பாலம் என்னும் பெயர், படகுகள் தங்குவதற்காகக் கால்வாயில் அமைந்திருந்த நீர்த்தேக்கத்தை நினைவூட்டுகிறது. அதனருகே உள்ள சரக்கு நிலையத்தின் பெயர் ‘சால்ட் கொட்டார்ஸ்’. கொட்டாரம் என்றால் பண்டசாலை. அது உப்புப் பண்டசாலை இருந்த இடம். மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ சாலை’ உண்டு, ஏரி இல்லை. அங்கிருந்த பெரிய ஏரி தூர்க்கப்பட்டு வீடுகளாயிற்று. ஏரி மறைந்த பின்னும் பெயர் எஞ்சியிருக்கிறது.

முதியோரின் நினைவும் ஒரு சான்றே. கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் மின்தொடர்வண்டிகள் 2004ஆம் ஆண்டு வரை ஓடின. உங்கள் தாத்தா பாட்டி மட்டுமன்றிப் பெற்றோரும் அவற்றில் சென்றிருக்கக்கூடும். தடித்த அட்டையிலான பயணச்சீட்டு, இருக்கைகளின் அமைப்பு, வண்டி புறப்படும்போது எழுந்த ஒலி ஆகியவற்றை அவர்களிடம் கேட்டறியலாம். பெட்டியின் நிறத்தைப் பற்றி இருவர் இருவேறு விதமாகக் கூறினால் ஒருவர் கூறியது தவறு என்று உடனே முடிவு செய்தல் கூடாது. அவர்கள் பயணம் செய்த ஆண்டுகள் வேறுபட்டிருக்கலாம். ஆகவே எந்த ஆண்டு என்னும் வினாவை ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும்.

தெரிந்ததும் தெரியாததும்

எவ்வளவு தேடினாலும் சில செய்திகள் கிடைப்பதில்லை. ஒரு நிலையத்தின் பின்புறச் சுவரை எவரும் ஒளிப்படம் எடுத்திருக்கமாட்டார். ஆயினும் திரையில் அவ்விடத்தை வெறுமையாக விட இயலாது. ஏதேனும் ஒரு சுவரை வைத்தே ஆக வேண்டும். அச்சுவரைக் காண்பவர் அதுவே உண்மை என்று நம்பிவிடுவார். நூலில் ‘இருக்கலாம்’ என்று எழுத முடியும்; திரையில் நிற்கும் சுவருக்கு அச்சொல் தெரியாது.

ஆகவே நேர்மையான உருவாக்குநர் தம் படைப்புடன் ஒரு விளக்கக் குறிப்பையும் இணைக்கின்றார். சான்றுடன் அமைத்தவை, பிறவற்றைக் கொண்டு உய்த்துணர்ந்தவை, கற்பனையாகச் சேர்த்தவை என மூன்றாகப் பிரித்து அதில் எழுதுகின்றார். பின்னர் புதிய சான்று கிடைக்கும்போது எதனைத் திருத்த வேண்டும் என்பது பிறருக்கும் எளிதில் விளங்கும்.

இன்று அக்கால்வாயில் படகுகள் செல்வதில்லை. 1965, 1966ஆம் ஆண்டுப் புயல்கள் அதனைப் பெரிதும் சிதைத்தன. நகருக்குள் கழிவுநீர் கலக்கிறது. பறக்கும் தொடர்வண்டிப் பாதையின் தூண்கள் அதன் படுகையில் நிற்கின்றன. இன்றைய நிலையை மட்டும் கண்டவர் அதனைச் சாக்கடை என்றே கருதுவர். அது நீர்வழியாக இருந்தது என்று அறிந்தவரே அதனைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்று கேட்பர். பழையதை மீட்டுருவாக்கிக் காட்டுவதன் பயன் இதுவே.

நீங்கள் வாழும் நகரத்திற்கும் இத்தகைய வரலாறு உண்டு. மும்பையில் 1925இல் தொடங்கிய 1500 வோல்ட் முறை, படிப்படியாக மாற்றப்பட்டு 2016இல் முடிவுற்றது. கொல்கத்தாவின் பேலியாகட்டா கால்வாயிலும் ஒரு காலத்தில் சரக்குப் படகுகள் சென்றன. ஓர் ஆண்டைத் தெரிவு செய்யுங்கள், பழைய வரைபடத்தைத் தேடுங்கள், முதியவர்களைக் கேளுங்கள். கணினி இல்லாவிடினும் ஒரு தாளும் எழுதுகோலும் தொடங்குவதற்குப் போதும்.

அருஞ்சொற்பொருள்

பட்டறிவு – அனுபவம்
பாவனை – ஒன்றைப் போலச் செய்து காட்டுதல்
மீட்டுருவாக்கம் – மறைந்ததை மீண்டும் உருவாக்குதல்
உய்த்துணர்தல் – தெரிந்ததைக் கொண்டு தெரியாததை அறிதல்
தூர்த்தல் – மண் இட்டு நிரப்புதல்

வினாக்கள்

1. மீட்டுருவாக்கத்தில் ஆண்டைத் தெரிவு செய்வது ஏன் இன்றியமையாதது?
2. 1500 வோல்ட் மேற்கம்பி தடிப்பாக இருக்க வேண்டியதன் காரணம் யாது?
3. தெருப்பெயர்கள் எவ்வாறு வரலாற்றுச் சான்றுகளாகின்றன? உம் ஊரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
4. உம் வீட்டில் உள்ள முதியவர் ஒருவரிடம் அவர் சென்ற தொடர்வண்டிப் பயணம் ஒன்றைப் பற்றிக் கேட்டு, ஆண்டைக் குறிப்பிட்டுப் பத்து வரிகளில் எழுதுக.