மூச்சை ஒருக்கால் நிப்பாட்டுங்கோ

2018 மாரி காலம். குளிக்கும்போது இடப்பக்க மார்பில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. நோவில்லை. நோவில்லாதபடியால் மூன்று மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவர் 2009 இல் போன பிறகு வீட்டில் உழைப்பது நான் ஒருத்திதான். கடைசியில் எங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் வாய் திறந்தேன். அவர் சுவநாரி கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து ஸ்கேனுக்கு அனுப்பினார்கள்.

வழமையான ஸ்கேன் கட்டியின் உருவத்தைக் காட்டும். எனக்குச் செய்தது அதோடு சேர்ந்த இன்னொன்று, எலாஸ்டோகிராபி. 1991 இல் அமெரிக்காவில் ஒஃபிர் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் வெளியிட்ட முறை. மாம்பழம் கனிந்ததோ என்று விரலால் அமர்த்திப் பார்க்கிறோமே, அதே வேலைதான். கருவியால் மெல்ல அமர்த்தி, அமர்த்த முன்னும் பின்னும் எடுத்த படங்களை மெசின் ஒப்பிடும். மெத்தென்ற சதை நசியும், இறுகிய சதை அவ்வளவு நசியாது. அந்த வித்தியாசத்தை நிறமாகக் காட்டும். சில மெசின்களில் நீலம்தான் இறுக்கம், சிலவற்றில் சிவப்பு. ஆகவே திரையில் சிவப்பைக் கண்டவுடன் பயப்பட வேண்டாம்.

முதல்நாள் டொக்டர் ஏதோ சொன்னார். எனக்கு அந்தப் பாஷை விளங்கவில்லை. ஆழமாக மூச்செடுக்கச் சொல்கிறார் என்று நினைத்து இழுத்து இழுத்து விட்டேன். நிறம் ஒவ்வொரு தடவையும் மாறியது. தெளிவில்லை, திரும்ப வாருங்கள் என்று துண்டில் எழுதிவிட்டார்கள். நான் அதைப் புற்றுநோய் என்றே எடுத்துக்கொண்டேன். மூன்று கிழமை நித்திரையில்லை.

இரண்டாம் முறை தமிழ் தெரிந்த ஒரு தாதி நின்றார். "அக்கா, பெரிசா மூச்செடுக்காதேங்கோ. சாதாரணமா விட்டு, நான் சொல்லேக்க நிப்பாட்டுங்கோ. நாலைஞ்சு செக்கன் காணும். கதைக்கவும் வேண்டாம்" என்றார். ஏன் என்று கேட்டேன். மெசின் தேடுவது ஒரு மில்லிமீற்றரிலும் குறைந்த அசைவை. மூச்சில் நெஞ்சு எழும்பும்போது அதைவிடக் கூட அசையும். சதை பக்கத்துக்கு வழுகி, முதல் படத்தில் இருந்த இடம் அடுத்ததில் பிடிபடாமல் போய்விடும். இடப்பக்கமென்றால் இதயத் துடிப்பும் சேரும். கருவியைக் கூட அழுத்தினாலும் பிழைதான், மெத்தென்ற சதையும் இறுகியதாகத் தெரியும்.

வெளியே வாங்கில் ஈரல் பார்க்க வந்த ஓர் அம்மா இருந்தார். மூச்சோடு ஈரல் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் மேலும் கீழும் போய்வருமாம். அவரைச் சாப்பிடாமல் வரச்சொல்லி, வலக்கையைத் தலைக்கு மேல் வைத்து, விலா எலும்புகளுக்கு இடையால் பல தடவை அளந்தார்களாம்.

பங்கருக்குள் மூச்சடக்கிக் கிடந்த எங்களுக்கு இது பெரிய வேலையா என்று கேட்பீர்கள். எனக்கு அதுதான் பெரிய வேலையாக இருந்தது. படுத்து மூச்சை நிறுத்து என்றதும் உடம்பு அந்த நாட்களுக்கே போய்விட்டது. வெளியே தள்ளுவண்டி இடித்த சத்தத்துக்குக் கைகால் நடுங்கியது. வெட்கத்தை விட்டுத் தாதியிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தி, என்னை எழும்பி இருக்கவிட்டுத் தண்ணீர் தந்தார். பிறகு எடுத்த மூன்று படத்திலும் நிறம் ஒரே மாதிரி நின்றது. கட்டி மெத்தென்றே தெரிந்தது.

அதை மட்டும் வைத்து முடிவு சொல்லமாட்டார்கள். ஊசியால் சிறு துண்டு எடுத்து அனுப்பினார்கள். புற்றுநோயல்லாத நார்க்கட்டி என்று வந்தது. ஆறு மாதத்தில் திரும்ப வரச்சொன்னார்கள். அந்தத் தவணைக்கு மூத்தவளையும் கூட்டிப்போனேன். அவள் பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்கிறாள்.