புழுவுக்கும் ஒரு பங்கு

பி.டி. பருத்தி போட்டவர்களுக்கு அந்தச் சின்னப் பொட்டலம் நினைவிருக்கும். 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரணப் பருத்தி விதையும் வந்தது. அதை வயலைச் சுற்றி ஐந்து வரிசையாவது ஊன்ற வேண்டும் என்பது 2002-ல் அனுமதி தந்தபோதே போட்ட நிபந்தனை. பெரும்பாலானோர் ஊன்றவில்லை. புழு தின்பதற்கென்று யார் செடி வளர்ப்பார்கள்?

சூட்சுமமே அதில்தான் இருந்தது. லட்சக்கணக்கான புழுக்களில் ஏதோ சில பி.டி. செடியில் உள்ள நச்சைத் தின்றும் பிழைக்கும். வயல் முழுக்க பி.டி. என்றால், பிழைத்தவை தங்களுக்குள்ளேயே இணையும். வாரிசுகளையும் நச்சு அசைக்காது. ஓரத்தில் சாதாரணச் செடி இருந்தால், அதில் வளர்ந்த அந்துப்பூச்சிகள் கூட்டமாக வந்து இவற்றோடு இணையும். அந்தக் கலப்பில் பிறக்கும் புழு பி.டி. காயைத் தின்றால் செத்துப்போகும்.

முதலில் தப்பித்தது இளஞ்சிவப்புக் காய்ப்புழு. பச்சைக் காய்ப்புழுவுக்குத் துவரை, கொண்டைக்கடலை, தக்காளி எல்லாமே தீனி. இளஞ்சிவப்புப் புழுவுக்கோ பருத்தியை விட்டால் பெரிதாக வேறு போக்கிடம் இல்லை. குஜராத்தில் 2009 பருவத்தில் முதல் தலைமுறை பி.டி. ரகம் இதனிடம் தோற்றது. 2006-ல் வந்த இரட்டை நச்சு ரகமும் சில ஆண்டுகளில் அங்கேயே தோற்றது.

சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையில் நடந்தது வேறு கதை. விவசாயிகள் கலப்பின விதையின் இரண்டாம் தலைமுறையை மலிவாக வாங்கி விதைத்தார்கள். நாலில் ஒரு செடி தானாகவே சாதாரணச் செடியாக முளைத்தது. யாரும் திட்டமிடாத அந்தக் கலப்பில் புழுவின் எதிர்ப்பு பின்வாங்கியது. இங்கும் இரண்டு விதையையும் ஒரே பையில் கலந்து தரும் முறை வந்திருக்கிறது. முதலிலேயே செய்திருக்க வேண்டியது. செடி விட்டுச் செடி தாவும் புழுவிடம் இது அவ்வளவாகப் பலிக்காது; இளஞ்சிவப்புப் புழு நுழைந்த காயிலேயே காலம் தள்ளுவதால் சரிப்படும்.

சேத்துப்பட்டு, ஆரணிப் பக்கத்து நெல்லுக்கும் இதில் சேதி உண்டு. புகையான் பூச்சியைத் தாங்கும் என்று 1973-ல் வெளிவந்த ஐ.ஆர்.26, பிலிப்பைன்ஸில் இரண்டு மூன்று ஆண்டுகளில் புகையானுக்கே இரையானது. எங்கும் அதே ரகம், அதே ஒற்றை மரபணு.

ஆனால் ஒரே கழனியில் இரண்டு நெல்லைக் கலக்க முடியாது. அறுப்பு ஒன்றாக வராது. விற்பனைக்கூடத்தில் கலப்பு நெல்லுக்கு விலையும் இறங்கும். கழனிக்குக் கழனி ரகம் மாறலாம். அடுத்த பட்டத்துக்கு விதை எடுக்கப் போகுமுன், பக்கத்துக் கழனிக்காரர் என்ன ரகம் போடுகிறார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.