நாற்றழுகலைத் தடுக்கும் மண்ணின் ‘சோப்பு’!

மிளகாய், தக்காளி, கத்திரி நாற்று விடுபவர்களுக்கு இது பழகிய வேதனை. முளைத்துச் சில நாள்களே ஆன நாற்றுகள், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் அழுகி, திட்டுத்திட்டாகச் சாய்ந்துவிடும். பெரும்பாலும் ‘பித்தியம்’ என்ற நுண்ணுயிரிதான் காரணம். சாய்ந்த நாற்றை எந்த மருந்தும் நிமிர்த்தாது. வரும் முன் தடுக்கத்தான் முடியும். அதற்கு உதவும் பாக்டீரியாக்கள் மண்ணிலேயே இருக்கின்றன.

ஒரு நிமிடத்தில் வெடிக்கும் வித்து

சூடோமோனாஸ், பேசில்லஸ் இனங்களில் பல வகைகள், சோப்பு போன்ற பொருளைச் சுரக்கின்றன. பாத்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கை சோப்பு பிரிப்பதுபோல, இது கிருமியைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வுக்குள் புகுந்து ஓட்டை போடுகிறது. பேசில்லஸ் சப்டிலிஸ் சுரக்கும் ‘சர்பாக்டின்’ 1968-ல் ஜப்பானில் கண்டறியப்பட்டது. அதே பாக்டீரியாவின் ‘இட்டூரின்’ பூஞ்சணங்களைத் தாக்கும்.

பித்தியத்தின் வித்துகள் ஈரத்தில் நீந்தி வேரைத் தேடி வரும். அப்போது அவற்றுக்குச் சுவர் கிடையாது. சூடோமோனாஸ் இனத்தின் ‘ராம்னோலிப்பிட்’ பட்டால், ஒரு நிமிடத்துக்குள் வெடித்துவிடும் என்று 1997-ல் வெளியான ஆய்வு காட்டியது. வேரில் ஒட்டிச் சுவர் கட்டிக்கொண்டால் அவ்வளவு எளிதில் அழியாது. முன்கூட்டியே இடச் சொல்வது இதனால்தான்.

கடையில் கிடைக்கும் சூடோமோனாஸ் புளோரசன்ஸில் சில ரகங்களும் இப்படிப்பட்ட பொருளைச் சுரக்கின்றன. அதோடு, வேரில் இடம்பிடித்துக் கிருமிகளை ஒதுக்கியும் வைக்கின்றன.

எப்படி இடுவது?

* விதைநேர்த்தி: கிலோவுக்கு 10 கிராம் (100 கிராம் விதைக்கு 1 கிராம்). லேசாகத் தண்ணீர் தெளித்துக் கலந்து, நிழலில் உலர்த்தி விதைக்கவும்.
* நிலத்துக்கு: ஏக்கருக்கு 1 கிலோவை, 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் இருக்கும்போது இடவும்.
* சாயம் பூசிய வீரிய விதைகளில் பெரும்பாலும் பூஞ்சணக்கொல்லி இருக்கும். அவற்றுக்கு விதைநேர்த்தியைவிட, நாற்றங்கால் மண்ணில் இடுவதே நல்லது.
* ரசாயனப் பூஞ்சணக்கொல்லியோடு கலக்க வேண்டாம். பாக்கெட்டில் காலாவதி தேதியைப் பார்த்து வாங்கி, வெயில் படாமல் வைக்கவும்.

‘சோப்புத் தண்ணீரையே ஊற்றலாமா?’

கூடாது. துணி சோப்பு இளம் வேரைக் கருக்கும். நல்ல நுண்ணுயிரிகளையும் கொல்லும். பாக்டீரியாவோ, வேர் அருகிலேயே வாழ்ந்து, சிறிது சிறிதாகச் சுரக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். தண்ணீர் தேங்கினால் வித்துகள் நீந்த நாமே குளம் வெட்டிக் கொடுத்த மாதிரி. மேட்டுப்பாத்தி, நெருக்கமில்லாத விதைப்பு, அளவான பாசனம் இருந்தால்தான் இந்த பாக்டீரியாவின் உழைப்பு நமக்குப் பலன் தரும்.