வீட்டுத் தையலும் துணித் தேர்வும்

ஆனைக்குட்டத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மகளிர் பலர் நைட்டி, உள்பாவாடை, குழந்தைச் சட்டை, தலையணை உறை, பை முதலியவற்றை வீட்டிலேயே தைத்துக்கொள்கின்றனர். சிலர் அக்கம்பக்கத்தாருக்கும் தைத்துக் கொடுத்துச் சிறிது வருமானமும் பெறுகின்றனர். வெட்டுவதிலும் தைப்பதிலும் அவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் துணி வாங்கும்போது மட்டும் பூவும் நிறமும் பார்த்து, விலையைக் கேட்டு, அத்துடன் நிறுத்திக்கொள்வதே வழக்கமாக இருக்கிறது. வேறு ஜில்லாவில் இதனால் நேரும் நஷ்டம் சில ரூபாய்களோடு போகும். வீட்டுக்கு ஒருவரேனும் பட்டாசு ஆலைக்குச் செல்லும் நம் பகுதியில் அப்படியன்று. துணி இன்னதென்று அறிந்து வாங்குவது இங்கே உயிரைப் பற்றிய விஷயமாகும்.

மாசி மாதத்து வறண்ட இரவில் டெரிலின் சட்டையைக் கழற்றும்போது படபடவென ஓசை கேட்பதையும், இருட்டில் சிறு பொறி தோன்றுவதையும் அங்கத்தினர்கள் கவனித்திருப்பார்கள். இது உராய்வினால் துணியில் சேரும் மின்சாரம். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை ஏற்றுக்கொள்ளும் இயல்புடையது. நடுத்தரமான ஈரமுள்ள காற்றில் 100 கிராம் பருத்தி சுமார் 8 கிராம் ஈரத்தை ஏற்கும்; பாலியெஸ்டரோ அரை கிராம்கூட ஏற்பதில்லை. ஈரம் உள்ள இழையில் மின்சாரம் தங்காமல் கசிந்து போய்விடும். ஈரமற்ற இழையிலோ அது சேர்ந்துகொண்டே இருந்து, ஒரு தருணத்தில் பொறியாகப் பாயும். நம் வீட்டில் அப்பொறி ஒரு வேடிக்கை. மருந்து கலக்கும் அறையில் அதுவே விபத்துக்குக் காரணமாகலாம். ஆலைகளில் பருத்தி உடையை வற்புறுத்துவதன் காரணம் இதுதான். வேலைக்குச் செல்பவருடைய மேற்சட்டை மட்டும் பருத்தியாக இருந்து, உள்பாவாடை பளபளக்கும் சாட்டின் துணியாக இருப்பின், அந்த ஏற்பாட்டின் பயன் பெரிதும் கெட்டுப்போகிறது. உள்ளே தைப்பதற்கே முதலில் பருத்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்போம்.

தீப்பற்றிய பின்னும் இரண்டிற்கும் பேதம் உண்டு. பருத்தி எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டரும் நைலானும் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அவ்விதம் ஏற்படும் புண் ஆழமானது. இரண்டும் கலந்த டெரிகாட்டன் பாதுகாப்பானது என்று எண்ணுவோர் உண்டு. அதில் பருத்தி இழை நெருப்பைத் தாங்கி நிற்க, மற்றது உருகி வழிகிறது என்பதை அவர்கள் அறியவேண்டும்.

இனி, பருத்தி என்று சொல்லி விற்கப்படுவதெல்லாம் பருத்தியா? பெயரை நம்பாமல் பரீட்சை செய்வதே மேல். துணியின் ஓரத்திலிருந்து பாவு நூல் ஒன்றும் ஊடை நூல் ஒன்றும் உருவித் தனித்தனியே கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி, காகிதம் எரியும் வாசனையுடன் எரிந்து மெல்லிய சாம்பலை விடும். பட்டு, மயிர் பொசுங்கும் நாற்றம் தரும். செயற்கை இழை நெருப்பைக் கண்டதும் சுருங்கி, உருகி, ஆறியபின் கடினமான மணியாக நிற்கும். ஒரு நூலை மட்டும் பார்த்தால் ஏமாறக்கூடும். பாவு பருத்தியாகவும் ஊடை வேறாகவும் உள்ள துணிகள் உண்டு. ரேயானும் பருத்தியைப் போலவே எரியும். ஆனால் அதை நனைத்து இழுத்தால் எளிதில் அறுந்துவிடும், பருத்தி அறாது. இப்பரீட்சையை வீட்டுக்கு வெளியே, தண்ணீர் அருகில் வைத்துக்கொண்டு செய்க. திரியோ மருந்தோ உள்ள இடத்தின் பக்கத்தில் தீக்குச்சியை எடுக்கவே கூடாது.

பருத்தி எரியாத துணி என்று எவரும் பொருள் கொள்ள வேண்டாம். மெல்லியதும் தளர நெய்யப்பட்டதும் பொசுபொசுவென்று மயிர்ப்பு உடையதும் விரைவில் பற்றும். தீபாவளிக்குக் குழந்தைகளுக்கு நெட் துணியை அடுக்கடுக்காக வைத்துக் கவுன் தைப்பது இப்போது பெருகி வருகிறது. மத்தாப்புக்கு எதிரில் நிற்கும் பிள்ளைக்கு இதைவிடக் கெட்ட உடை வேறில்லை. நெருக்கமாக நெய்த கெட்டியான பருத்தியில், பறக்காத அளவான கொய்யலுடன் பாவாடை சட்டை தைத்தால் அழகு ஒன்றும் குறைந்துவிடாது.

நூலின் நம்பரைப் பற்றியும் சிறிது கூறுவோம். 840 கஜம் கொண்ட சிட்டம் ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை நிற்கிறதோ அதுவே நம்பர். எனவே நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகும். பைக்கும் படுக்கை விரிப்புக்கும் 20ஆம் நம்பர் போதும், சட்டைக்கு 40, அதற்கு மேற்பட்டவை மென்மையான ரவிக்கை, சேலைகளுக்கு உரியவை. கரிசலில் நம் முன்னோர் விளைவித்த கருங்கண்ணிப் பருத்தியின் இழை குட்டையானது. மெல்லிய நூலுக்கு ஏலாது. ஆனால் மேற்சொன்ன கெட்டித் துணிகளுக்கு அது தாழ்ந்ததன்று. பயிரிடுவோரும் நெய்வோரும் ஒரே சங்கப் பத்திரிகையைப் படிக்கும் நாம் இதை மறந்துவிட்டோமோ என்று சில சமயம் தோன்றுகிறது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் கட்டுத்துணி மிகத் தளர்ந்தது. வடிகட்டவும் துடைக்கவும் ஆகுமேயன்றி உடைக்கு ஆகாது.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக் பைகள் தமிழகத்தில் தடை செய்யப்பட்டபின், துணிப்பை தைப்பது வீட்டுத் தையலாருக்கு நல்ல வேலையாகியிருக்கிறது. இதற்குக் காடாத் துணியே உகந்தது. அரிசியும் காய்கறியும் சுமக்கும் பைக்கு மெல்லிய துணியை எடுத்து, அடியில் இரட்டைத் தையல் போட்டுப் பயனில்லை. தையல் நிற்கும், துணி கிழியும். கைப்பிடியைப் பாவு நூல் ஓடும் நெடுக்கிலேயே வெட்ட வேண்டும். குறுக்கில் வெட்டினால் நாளடைவில் நீண்டுவிடும்.

எந்தப் பருத்தித் துணியையும், முக்கியமாகக் கைத்தறித் துணியை, வெட்டுமுன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்துக. கஞ்சி போய், மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் வரைகூடச் சுருங்கலாம்; ஆதலால் அதற்கும் சேர்த்தே வாங்க வேண்டும். சாயம் போகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். நடுத்தரத் துணிக்கு 14ஆம் நம்பர் ஊசி, காடாவுக்கு 16. கடையில் கேளாமல் கொடுக்கும் தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டரே. ஆலைக்குச் செல்பவர் உடைக்குப் பருத்தி நூல் என்று கேட்டு வாங்கவேண்டும். இடுப்புக்கு எலாஸ்டிக் வேண்டாம், பருத்தி நாடா போதும். அவ்வுடையில் பையும் வைக்க வேண்டாம். தீப்பெட்டி தங்குவது அதில்தான்.