கோப்புறை ஆக்கமும் கால இடைவெளியும்: ஒரு விளக்கம்

கணினிச் செய்நிரல் எழுதுவோரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமொன்று ஈண்டு ஆராயத்தக்கது. கோப்புறையொன்றை ஆக்குமுன், அப்பெயரில் ஏற்கெனவே ஒன்று உள்ளதா என வினவி, இல்லையெனின் ஆக்குவதே அவ்வழக்கமாகும். மேலோட்டமாக நோக்குமிடத்து இது முன்னெச்சரிக்கையாகவே தோன்றும். ஆயின், வினவலுக்கும் ஆக்கலுக்கும் இடையே, எத்துணைச் சிறிதாயினும், ஒரு கால இடைவெளி உண்டு. பல செயன்முறைகள் ஒருங்கே இயங்கும் கணினியில், அவ்விடைவெளியிற் பிறிதொன்று அதே கோப்புறையை ஆக்கிவிடலாம். அந்நிலையில் முன்னையது வழுவுற்று நின்றுவிடும். அது பெற்ற விடை பொய்யன்று. பழையதாகிவிட்டது என்பதே மனங்கொள்ளத்தக்கது.

இக்குறைபாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலே கோப்புறை ஆக்கத்துக்கெனத் தனியான முறைமை அழைப்பு இருக்கவில்லை. அதற்குரிய கட்டளை, முறைமை நிருவாகியின் அதிகாரத்துடன் இயங்கி, முதலிற் கோப்புறையை ஆக்கிப் பின்னர் அதன் உரிமையைக் கட்டளையிட்டவருக்கு மாற்றியது. இவ்விரு படிகளுக்கிடையே அவர் கோப்புறையை அகற்றி, கடவுச்சொற் கோப்பினை அப்பெயரில் இணைத்துவிடின், அக்கோப்பின் உரிமையே அவரிடம் சேரும். 1983இல் வெளிவந்த பேர்க்லி யுனிக்ஸ் 4.2 இப்படிகளை ஒரே முறைமை அழைப்பினுள் அடக்கியது. பிறர் இடைப்புகவியலாத இவ்வொருமைத் தன்மையே தீர்வின் அடிப்படையாகும்.

ஆகவே, முதலில் வினவாது நேரடியாக ஆக்க முயல்வதே முறையாகும். 'ஏற்கெனவே உண்டு' என்னும் வழு கிடைப்பின், இரண்டு நிலைமைகளை நாம் வேறுபடுத்தல் வேண்டும். பலரும் பகிரும் கோப்புறையாயின், அப்பெயரில் உள்ளது கோப்புறைதானா, அன்றிச் சாதாரண கோப்பா என்பதை உறுதிசெய்து மேற்செல்லலாம். பைத்தன் மொழி 3.2ஆம் பதிப்பிலிருந்து (2011) இதற்கு வசதியளித்துள்ளது. தனக்கே உரிய தற்காலிகக் கோப்புறையாயின், அவ்வழுவைப் புறக்கணித்தல் ஆபத்தானது. வேறு பெயரிலேயே மீண்டும் முயலவேண்டும். அனுமதிகளையும் பின்னர் மாற்றாது, ஆக்கும்போதே வரையறுத்தல் நன்று; அன்றேல் மூடிய இடைவெளி மீண்டும் திறக்கும்.

சுருங்கக்கூறின், இயங்கிக்கொண்டிருப்பதை நிலைத்ததெனக் கொள்வதே இங்கு தவற்றின் தோற்றுவாயாகும். வழு என்பது இங்கு தோல்வியன்று. அக்கணத்து உண்மை நிலையை அறிவிக்கும் நம்பத்தகுந்த விடை எனலாம்.