தரகருக்கு ஏன் தட்சிணை?

திருப்பனந்தாளைச் சுற்றியுள்ள காவிரிப் பாசன கிராமங்களில் நிலமே குடும்பத்தின் ஜீவாதாரம். நிலத்துக்கு உடையவர் காலமான பின்பும் பட்டா அவர் பெயரிலேயே நின்றுவிட்டால், தீர்வை ரசீதும் அவர் பெயருக்கே வரும். வரி கட்டுகிறவள் மனைவி. கணக்கிலோ அவளுக்கு இடமில்லை. பயிர்க் கடன் கேட்கப் போனால் சிட்டாவும் அடங்கலும் காட்டச் சொல்வார்கள். இந்தச் சங்கடத்தில்தான் தரகர் வந்து நுழைகிறார்.

அவருக்குத் தட்சிணை கொடுக்க அவசியமே இல்லை என்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். பசலி ஆண்டு ஜூன் 30-ல் முடிகிறது. அதையொட்டித் திருவிடைமருதூர் தாலுகா ஆபீஸில் வருஷந்தோறும் நடக்கும் ஜமாபந்தியில், கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அதிகாரியே ஜனங்களிடம் மனு வாங்குகிறார். பத்திரம், வாரிசுச் சான்று, தீர்வை ரசீது இவற்றின் நகல்களுடன் நேரில் மனுக் கொடுத்து, அதற்கு அத்தாட்சியும் கேட்டுப் பெறலாம்.

அப்படியும் தீராமல் விவகாரம் கோர்ட்டுக்குப் போனால்? 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவு, பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், ஊனமுற்றோர் முதலியோருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் உதவியை உரிமையாக்கியிருக்கிறது. வழக்கில் நியாயம் இருப்பதாகத் தோன்ற வேண்டும், அவ்வளவே.

அந்நிய ஆட்சியில் ஜமாபந்தி என்பது சர்க்கார் தன் வரிக் கணக்கை முடிக்கும் நாள். சுதந்திர நாட்டில் அது குடிகள் தங்கள் கணக்கைக் கேட்கும் நாளுமாகும். அன்று வீட்டில் தங்கிவிடலாகாது.