தெப்பத்தில் உட்கார்ந்து பார்த்தால்

டீ ஆறட்டும், அவசரமில்லை. இரோடோவ் புத்தகத்தின் முதல் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மாஸ்கோவின் மீர் பதிப்பகம் வெளியிட்ட அந்த இயற்பியல் கணக்குத் தொகுப்பு, ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளின் மேஜையில் பல காலமாகக் கிடக்கிறது. பலருக்கு மேஜையில் கிடப்பதோடு சரி.

ஆற்றோட்டத்தோடு போகிற மோட்டார் படகு ஓரிடத்தில் ஒரு தெப்பத்தைத் தாண்டுகிறது. 60 நிமிடம் கழித்துத் திரும்புகிறது. தாண்டிய இடத்திலிருந்து 6 கி.மீ. தள்ளி மறுபடி அதே தெப்பத்தைச் சந்திக்கிறது. எஞ்சின் ஒரே சீராக ஓடுகிறது. ஆற்றின் வேகம் என்ன?

படித்ததும் எல்லாரும் படகின் வேகத்தைத் தேடுவார்கள். அது கொடுக்கப்படவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் அரைப் பக்கம் சமன்பாடு எழுதிவிட்டு, "கணக்கே தப்பு அங்கிள்" என்றான். தப்பில்லை. தெரியாததற்கு நாமே ஓர் எண் வைத்துப் பார்க்கலாம், யாரும் அடிக்க வரமாட்டார்கள். அசையாத நீரில் படகின் வேகம் மணிக்கு 10 கி.மீ., ஆறு 2 கி.மீ. என்று வைப்போம். ஒரு மணி நேரத்தில் படகு 12 கி.மீ. போயிருக்கும், தெப்பம் 2. இடைவெளி 10. திரும்பும்போது படகு ஆற்றை எதிர்த்து மணிக்கு 8 கி.மீ. வருகிறது, தெப்பம் எதிரே 2 கி.மீ. வருகிறது. இடைவெளி மூட ஒரு மணி நேரம். சந்திப்பது 4 கி.மீ.யில். நமக்கு வேண்டியது 6, விடை வரவில்லை.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்தைக் கவனியுங்கள். படகுக்கு 20 வைத்துப் பாருங்கள். இடைவெளி 20, மூடும் வேகம் 18-ம் 2-ம் சேர்ந்து 20. மறுபடி ஒரு மணி நேரம்!

ஓடுகிற ரயிலில் இருக்கையிலிருந்து பெட்டிக் கோடிவரை நடக்க ஒரு நிமிடம் என்றால், அதே நடையில் திரும்பி வரவும் ஒரு நிமிடம்தான். ரயில் எவ்வளவு வேகமாகப் போனால் உங்களுக்கென்ன? தெப்பம்தான் இருக்கை, ஆறுதான் ரயில். ஆக மொத்தம் 2 மணி நேரத்தில் தெப்பம் 6 கி.மீ. மிதந்திருக்கிறது. ஆற்றின் வேகம் மணிக்கு 3 கி.மீ. படகின் வேகம் கடைசிவரை தேவைப்படவே இல்லை.

இந்த ரயில் உவமையை முதலிலேயே சொல்லியிருந்தால் பையன் தலையாட்டிவிட்டு மறந்திருப்பான். தப்பான எண்ணைப் போட்டுப் பார்த்த அந்தப் பத்து நிமிடம்தான் அவனுக்குப் படிப்பு. கடைசிப் பக்கத்து விடையைப் பார்ப்பதில் குற்றமில்லை. பத்து நிமிடத்துக்கு முன் பார்ப்பதுதான் நஷ்டம்.

விடை வந்த பிறகும் புத்தகத்தை மூடாதீர்கள். கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945-இல் வெளிவந்த தன் புத்தகத்தில், கணக்குப் போடுவதன் நான்காவது படியாகத் திரும்பிப் பார்ப்பதைத்தான் சொன்னார். அப்படிப் பார்த்தால் புதுக் கணக்கே பிறக்கும். படகு திரும்புகிற இடத்தில் எஞ்சின் அரை மணி நேரம் நின்றுபோனால், அதே ஆற்றில் சந்திப்பு 7.5 கி.மீ.யில் நடக்கும். ஏன் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.